சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறவர்களே, கோரிக்கையை மாற்றுங்கள்

அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கல்லூரிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் மாதச் சம்பளம் வாங்கி, அதில் வருமான வரியும் கட்டி வருகிற நண்பர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் நெருங்கும்போது உங்கள் சங்கங்களிலிருந்து டெல்லிக்கு மனு போகிறது. அந்த மனுவின் முதல் கோரிக்கை மாறுவதே இல்லை: வரி விலக்கு வரம்பை உயர்த்துங்கள். அந்தக் கோரிக்கையை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல். உங்களுக்குக் குறையே இல்லை என்று சொல்ல எழுதப்பட்டதல்ல. குறை இருக்கிறது, அது உண்மையானது. ஆனால் பல ஆண்டுகளாக நீங்கள் கேட்டு வருவது அந்தக் குறையைத் தீர்க்காது, இன்னும் பெரிதாக்கும்.

முதலில் உங்கள் தரப்பு. ஜனவரி பிறந்தால் அலுவலகக் கணக்குப் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வரும். பழைய முறையில் இருப்பவர்கள் வாடகை ரசீது, எல்ஐசி ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பிப்ரவரிச் சம்பளத்திலும் மார்ச் சம்பளத்திலும் கை வைப்பார்கள். மார்ச் மாதம் வீட்டுக் கடன் தவணைக்கே துண்டு விழுகிற குடும்பங்கள் உண்டு. வரி உங்கள் கைக்கு வந்து, நீங்கள் மனமுவந்தோ முணுமுணுத்தோ எடுத்துக் கொடுப்பதல்ல. அது கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. ஒளிக்க இடமில்லை, தள்ளிப்போட வழியில்லை.

மற்றவர்களுக்கு அந்த வழி இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2017 பட்ஜெட் உரையில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி சில எண்களை வாசித்தார். ஐந்து லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டிய தனிநபர்கள் நாடு முழுவதும் 76 லட்சம் பேர். அவர்களில் 56 லட்சம் பேர் சம்பளக்காரர்கள். ஐம்பது லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டியவர்கள் வெறும் 1.72 லட்சம் பேர். அதே உரையில் இன்னொரு கணக்கும் இருந்தது: முந்தைய ஐந்து ஆண்டுகளில் விற்ற கார்கள் ஒன்றேகால் கோடி; 2015இல் மட்டும் வெளிநாடு போய்வந்த இந்தியர்கள் இரண்டு கோடி. கார் வாங்கியவர்களும் விமானம் ஏறியவர்களும் ரிட்டர்னில் எங்கே போனார்கள் என்பதுதான் அன்று அவர் எழுப்பிய கேள்வி. அது உங்களுடைய கேள்வியும்தான்.

விலைவாசி ஏறுகிறது, ஸ்லாப் ஏறுவதில்லை. பழைய முறையில் பத்து லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் என்று 2012இல் வைத்தார்கள். 2.5 லட்சம் என்ற அடிப்படை விலக்கும், சேமிப்புக்கான ஒன்றரை லட்சக் கழிவும் 2014இல் வந்தவை. அவற்றைப் பிறகு யாரும் தொடவில்லை. அகவிலைப்படி ஏறி, அதனாலேயே அடுத்த ஸ்லாபுக்குள் தள்ளப்பட்ட எத்தனையோ ஆசிரியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் உண்மையில் வருமானம் கூடவில்லை, வரிதான் கூடியது. நாடாளுமன்றத்தில் ஒரு விவாதமும் நடக்காமல், சத்தமே இல்லாமல் உயர்த்தப்படுகிற வரி இது.

இன்னும் பக்கத்தில், உங்கள் ஊராட்சியோ மாநகராட்சியோ வாங்கும் தொழில் வரியைப் பாருங்கள். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988இல் வைத்தது. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அதாவது, மாதம் பதின்மூவாயிரம் வாங்கும் கடைப் பணியாளரும், ஐந்து மாடி மருத்துவமனை நடத்தும் மருத்துவரும் கட்டுவது ஒரே தொகை. வரிச்சுமை எப்படிப் பங்கிடப்படக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது கடினம்.

இவ்வளவும் உங்கள் பக்கம். இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்று.

"இந்த நாட்டில் நாங்கள் மட்டும்தான் வரி கட்டுகிறோம்." தேநீர் இடைவேளையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற வாக்கியம் இது. கூடவே ஒரு வால் வரும்: எங்கள் வரிப்பணத்தில்தான் இலவசங்கள் போகின்றன என்று. தயவுசெய்து அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அது உண்மையல்ல.

நீங்கள் அலுவலகம் வருவதற்கு முன்பே வந்து தரையைத் துடைத்து, கழிப்பறையைக் கழுவி வைக்கிற அம்மாவுக்கு ஒப்பந்ததாரர் கொடுக்கும் சம்பளத்தில் வருமான வரி வராது. ஆனால் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 2025 செப்டம்பர் 21 வரை அவர் வாங்கிய ஒவ்வொரு பற்பசையிலும் 18 சதவீதம் வரி இருந்தது. குளியல் சோப்பில் 18, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் 18, பேரப்பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தில் 18. அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் முதலாளிக்கும் அதே 18தான். எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் இந்தப் பொருள்களுக்கு வரி 5 சதவீதமானது. அந்த எட்டு ஆண்டுகளில் யாரும் அவரிடம் சேமிப்புச் சான்று கேட்கவில்லை, ரீஃபண்டும் கொடுக்கவில்லை.

2024-25இல் நாடு முழுவதும் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்குமாக வசூலான ஜிஎஸ்டி 22.08 லட்சம் கோடி. அதே ஆண்டுக்குத் தனிநபர் வருமான வரியில் மத்திய அரசு எதிர்பார்த்த திருத்திய மதிப்பீடு 12.57 லட்சம் கோடி. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் மீதான வரி தனி. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கோயம்பேட்டுக்கு வருகிற தக்காளி லாரியின் டீசல் வரி, தக்காளி விலைக்குள் ஒளிந்துகொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஆக, நாட்டில் எல்லாரும் வரி கட்டுகிறார்கள். வருமானத்தில் எத்தனை பங்கு கட்டுகிறார்கள் என்று பார்த்தால், சம்பாதித்ததையெல்லாம் செலவழித்தே தீரவேண்டிய ஏழைதான் இந்த மறைமுக வரியை அதிகம் சுமக்கிறார்.

அப்படியானால் உங்கள் முதுகில் ஏறிய கூடுதல் பாரம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு தேதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20. அன்று கோவாவில் செய்தியாளர்களைச் சந்தித்த நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு வரி விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைகிறது என்றும், புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம்தான் என்றும் அறிவித்தார். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்பது அரசே சொன்ன கணக்கு. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

அதற்கு எட்டு மாதம் நிறைவதற்குள், 2020 மே மாதத்தில், ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த நேரத்தில், பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்குப் பத்து ரூபாயும் டீசல் மீதானது பதின்மூன்று ரூபாயும் உயர்த்தப்பட்டன. பெட்ரோலுக்கு மத்திய அரசின் வரி மட்டும் 32.98 ரூபாய் ஆனது. இரண்டு முடிவுகளுக்கும் தனித்தனிக் காரணங்கள் சொல்லப்பட்டன. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், யாரிடமிருந்து இறக்கி யாரிடம் ஏற்றினார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

எண்களைப் பாருங்கள். 2018-19இல் நிறுவன வரி 6.63 லட்சம் கோடி, தனிநபர் வருமான வரி 4.73 லட்சம் கோடி. 2023-24இல் நிறுவன வரி 9.11 லட்சம் கோடி, தனிநபர் வரி 10.45 லட்சம் கோடி. ஐந்து ஆண்டுகளில் நிறுவனங்கள் கட்டியது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியது. உங்களைப் போன்றவர்கள் கட்டியது இரு மடங்கைத் தாண்டியது. 2025-26 பட்ஜெட் ஆவணத்தில், அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு, நிறுவன வரி 17 காசு. நிறுவனங்கள் நொடித்துப்போய் இது நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே, 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உச்சத்தைத் தொட்டது என்கிறது. அந்த ஆண்டு லாபம் 22.3 சதவீதம் கூடியபோது வேலைவாய்ப்பு கூடியது 1.5 சதவீதம் மட்டுமே. வரிக் குறைப்புக்குச் சொன்ன காரணம் வேலைவாய்ப்பு என்பதை மறந்துவிடாதீர்கள்.

தனிநபர்களுக்குள்ளும் ஒரு பங்கீடு நடக்கிறது. இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு நிறுவனத்தில் மேலாளர். ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி. இன்னொருவர் வேலைக்குப் போகவில்லை. பல ஆண்டுகளாக வைத்திருந்த பங்குகளை விற்று அந்த ஆண்டு ஒரு கோடி லாபம் பார்க்கிறார். 2025-26 விகிதப்படி புதிய முறையில், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து மேலாளருக்கு ஏறத்தாழ 29 லட்சம் வரி. பங்கு விற்றவருக்கு 13.5 லட்சம். உழைத்துச் சம்பாதித்தவர் கட்டுவதில் பாதிகூட இல்லை. வருமானம் ஏற ஏற இந்த வித்தியாசம் கூடும். இரண்டு கோடிக்கு மேல் போனால் சம்பளக்காரருக்கு உச்ச விகிதம் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 39 சதவீதம். நீண்டகால மூலதன லாபத்துக்கோ சர்சார்ஜ் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வேலி போட்டிருப்பதால், எல்லாம் சேர்த்தும் 15 சதவீதத்தைத் தாண்டாது. 2004 முதல் 2018 வரை பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு வரியே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெருஞ்செல்வர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கிச் செல்வர் ஆனவர்களல்லர்.

நிறுவனம் தன் லாபத்துக்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டதே, பங்குதாரருக்கு ஏன் இன்னொரு முறை என்று கேட்பவர்கள் உண்டு. பங்குகளைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஓரளவு சலுகை கொடுக்கலாம். ஆனால் புறவழிச்சாலை வந்ததால் பத்து மடங்கு விலை ஏறிய நிலத்தை விற்பவருக்கும் அதே 12.5 சதவீதம்தான். அங்கே எந்த நிறுவனம் முன்பே வரி கட்டியது? சாலையைப் போட்டதே பொதுப்பணம்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருவோம். 2025 பிப்ரவரி 1 அன்று, புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவிப்பு வந்தது. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவோடு 12.75 லட்சம். உங்களில் பலர் இனிப்பு வழங்கிக் கொண்டாடினீர்கள். அரசுக்கு அதில் போனது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. அந்தச் சலுகை தேவைப்பட்டவர்கள் நிறையப் பேர். அதைக் குறை சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. ஆனால் அதன் விளைவை யோசித்தீர்களா? அதற்கு முன்பே ரிட்டர்ன் தாக்கல் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டவேண்டிய வரி எதுவும் இல்லை. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் உண்மையில் வருமான வரி கட்டியவர்கள் மூன்று கோடிக்கும் குறைவு. வரம்பு உயரும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் வெளியேறுகிறது. மிச்சம் இருப்பவர்கள் எண்ணிக்கையில் சுருங்குகிறார்கள். ஆனால் வசூல் இலக்கு சுருங்குவதில்லை. 2025-26க்கு 14.38 லட்சம் கோடி என்று அது ஏறித்தான் நின்றது. நாங்கள் மட்டும்தான் கட்டுகிறோம் என்ற உங்கள் புகாரைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாக்கிக்கொண்டிருப்பது உங்கள் மனுவின் முதல் கோரிக்கைதான். இன்று வெளியேறிவிட்டவர்களும், சம்பளம் ஏறியதும் திரும்ப உள்ளே வந்துதான் ஆகவேண்டும். அப்போது பேச ஆள் குறைந்திருக்கும்.

மாநிலம் ஒன்றின் குடிமக்களாகவும் நீங்கள் இதைப் பார்க்க வேண்டும். நீங்கள் கட்டும் வருமான வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்றது 15ஆவது நிதிக்குழு. அதில் தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். ஆனால் உங்கள் வரிக்கு மேல் போடும் 4 சதவீத செஸ்ஸிலும், பெரிய வருமானங்கள் மீதான சர்சார்ஜிலும் மாநிலங்களுக்கு ஒரு காசு கிடையாது. அரசியல் சட்டப்படி அவை பகிரப்பட வேண்டியதில்லை. 2021இல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 33 ரூபாயை ஒட்டி வசூலித்த மத்திய வரியில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1.40 ரூபாய்தான். மீதி எல்லாம் செஸ், சர்சார்ஜ் என்ற பெயர்களில். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் செவிலியர் இடம் காலியாகக் கிடப்பதையும் பேருந்து ஓட்டை உடைசலாக ஓடுவதையும் பார்த்து, கட்டிய வரி எங்கே போகிறது என்று கோபப்படுகிறீர்கள். அந்தச் சேவைகளை நடத்துவது மாநிலம். உங்கள் வரியில் ஒரு பகுதி அதன் கைக்கே வருவதில்லை.

பணக்காரர்கள் மீது ஒரேயடியாக ஏற்றுங்கள் என்று கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை இந்த நாடு படித்திருக்கிறது. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் மிஞ்சும் என்றால் எவர் கணக்குக் காட்டுவார்? கருப்புப் பணம்தான் கொழுத்தது. விகிதத்தைக் குறைக்கச் சொல்லி, நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு அப்போதே எழுதியது. 1997இல் அன்றைய நிதி அமைச்சர் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே விகிதங்களுக்குக் கொண்டுவந்தார். 30 என்ற உச்சம் இன்றும் நிற்கிறது. அது இருக்கட்டும். கேள்வி, அந்த முப்பதைக் கட்டாமல் தப்பும் வருமானங்களைப் பற்றியது.

சொத்து மீதான வரிகளின் கதையும் கவனிக்க வேண்டியது. இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீது 1953 முதல் எஸ்டேட் வரி இருந்தது, 1985இல் அன்றைய நிதி அமைச்சர் வி.பி. சிங் எடுத்தார். வசூல் சொற்பம், வழக்குகள் ஏராளம் என்பது காரணம். 1957இல் வந்த செல்வ வரியை 2015இல் ஜேட்லி எடுத்தார். 2013-14இல் அதில் வந்தது ஆயிரம் கோடியை ஒட்டித்தான். இரண்டும் மோசமாக நடத்தப்பட்ட வரிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று பங்குகள் காகிதத்தில் இருந்தன. இன்று டீமேட் கணக்கில், பான் எண்ணோடு இருக்கின்றன. பத்திரப் பதிவும் கணினிக்கு வந்துவிட்டது. வாரிசுச் சொத்துக்கு ஜப்பானில் உச்ச வரி 55 சதவீதம், தென் கொரியாவில் 50, பிரிட்டனில் 40. இந்தியாவில் பூஜ்யம். நாட்டின் செல்வத்தில் 40 சதவீதம் ஒரே ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது என்று பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் சக ஆய்வாளர்களும் 2024இல் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டுத் தேர்தலின்போது வாரிசு வரி பற்றிய பேச்சு வந்ததும் ஆளுங்கட்சி அதைத் தாக்கியது. காங்கிரஸ், தன் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை என்று விலகிக்கொண்டது. பல கோடிகளுக்கு மேல் விட்டுச்செல்பவர்களுக்கு மட்டுமான ஒரு வரியைக் கேட்டு, ஒரு வீடும் பத்துப் பவுனும் வைத்திருக்கும் நீங்கள் ஏன் நடுங்குகிறீர்கள் என்பதுதான் வேதனை. அந்த நடுக்கத்தை நம்பித்தான் கட்சிகள் பேசாமல் இருக்கின்றன.

2025இல் புதிய வருமான வரிச் சட்டமே நிறைவேறியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிக்கலான வாக்கியங்கள் சுருங்கின, பிரிவுகள் குறைந்தன. யார் எவ்வளவு சுமப்பது என்ற பங்கீட்டில் கை வைக்கவில்லை. கேட்க ஆளில்லாததை எந்த அரசும் தானாகச் செய்யாது.

ஆகவே கேளுங்கள். விலக்கு வரம்பை உயர்த்து என்பதற்குப் பதிலாக, ஸ்லாபுகளை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்துத் தானாக ஏறச் செய் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1985 முதல் அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியும் நிதி அமைச்சரின் கருணைக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது. சிறு முதலீட்டாளரின் சேமிப்பைத் தொடாமல், பெரிய மூலதன லாபத்துக்கும் நில லாபத்துக்கும் உழைப்பு வருமானத்துக்கு இணையான விகிதம் கேளுங்கள். 2019இன் நிறுவன வரிக் குறைப்பால் எத்தனை வேலை வந்தது என்று ஒரு வெள்ளை அறிக்கை கேளுங்கள். வராவிட்டால் விகிதத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். செஸ்ஸையும் சர்சார்ஜையும் அடிப்படை வரிக்குள் சேர்த்து மாநிலங்களோடு பகிரச் சொல்லுங்கள். பெருஞ்சொத்து வாரிசு வரியை மனுவில் கூச்சமில்லாமல் எழுதுங்கள்.

இந்தக் கோரிக்கைகளோடு நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. மறைமுக வரியைச் சுமக்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களின் சங்கத்தையும் அந்த மனுவில் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஒரே அலுவலகத்தில் நிரந்தர ஊழியருக்கு ஒரு சங்கம், தரை துடைப்பவருக்கு வேறு சங்கம் என்றிருப்பதால்தான் இரண்டு பேரின் வரிக்குறையும் ஒன்றாகப் பேசப்படுவதில்லை. பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களில் நிதி அமைச்சகம் தொழிற்சங்கங்களை அழைத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போகும் 39 பேருக்கும் அதற்கு முன்பே உங்கள் மனுவின் நகல் போய்ச் சேரட்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பழைய மனுவை எடுத்துத் தேதியை மட்டும் மாற்ற முற்படும்போது, யாராவது ஒருவர் எழுந்து, முதல் கோரிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று சொல்லுங்கள்.